அளப்பது யார் பொறுப்பு?

1927-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி காலையில் நியூயார்க்கை அடுத்த ரூஸ்வெல்ட் மைதானத்திலிருந்து தன்னந்தனியே புறப்பட்டு, 33½ மணி நேரம் இடைவிடாது பறந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் பாரிஸ் நகரத்தில் இறங்கிய சார்லஸ் லிண்ட்பர்க்கின் விமானத்தில், டாங்கியில் இருக்கும் பெட்ரோலின் அளவைக் காட்டும் மானி ஒன்றுகூடக் கிடையாது. மறதியால் நேர்ந்த குறையன்று இது. அக்காலத்து அளவுமானிகள் கனமானவை, அதோடு நம்பத் தகாதவை என்று கண்டு, வேண்டுமென்றே அவர் அவற்றை விலக்கினார். இறக்கைகளில் மூன்றும் உடற்பகுதியில் இரண்டுமாக ஐந்து டாங்கிகளில் 450 காலன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, மணிக்கு இவ்வளவு செலவாகும் என்று முன்னமே பரீட்சித்து அறிந்த கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு, ஒவ்வொரு மணி கழியும்போதும் எதிரிலிருந்த கருவிப் பலகையின்மேல் பென்ஸிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார். வாஷிங்டன் நகரத்துக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கும் அந்த விமானத்தில் அக்கோடுகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. பாரிஸில் இறங்கியபோது டாங்கிகளில் சுமார் 85 காலன் மீதமிருந்தது.

காலத்தைக் கொண்டு எண்ணெயை அளந்த இம்முறையைக் கண்டு நகைப்பவர்கள், அதில் அடங்கியிருந்த ஒரு பெருஞ்சௌகரியத்தைக் கவனிக்க வேண்டும். டாங்கியில் இவ்வளவு ஊற்று என்று சொன்னவரும் அவரே. செலவைக் கணித்தவரும் அவரே. கோடு இழுத்தவரும் அவரே. கணக்குப் பிசகினால் கடலில் விழப்போகிறவரும் அவரே. விமானங்கள் பெரியனவாகி, ஒருவர் செய்த காரியத்தைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ளும் காலம் வந்தபோது, அளக்கும் கருவிகள் வியக்கத்தக்க வகையில் திருந்தின. அளப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியோ வருஷத்துக்கு வருஷம் சிக்கலாகிக்கொண்டே வந்தது. விமான எரிபொருளின் சரித்திரத்தில் கருவிகளைவிட இந்தக் கேள்வியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

கருவிகளின் வரலாறு மிக எளிய இடத்தில் தொடங்குகிறது. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்காகச் செய்யப்பட்டு, ஒரு தலைமுறை இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த 'பைப்பர் கப்' என்னும் மஞ்சள் நிறச் சிறு விமானத்தில், முன்பக்கத்து டாங்கியின் மூடியைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் அடிமுனையில் ஒரு தக்கை. டாங்கி நிறைந்திருக்கையில் தக்கை மிதந்து கம்பி உயர்ந்து நிற்கும்; செலவாகச் செலவாகக் கம்பி தாழும்; அதன் தலை மூடியோடு படிந்துவிட்டால் உடனே இறங்க இடம் தேட வேண்டியதுதான். விமானியின் கண்ணெதிரே, கண்ணாடிக்கு அப்பால், காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியில் பழுதாவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பெரிய பிரயாண விமானங்களில் இறக்கையின் உட்புறமே டாங்கியாக அமைந்துவிட்டபடியால், தக்கையும் கம்பியும் அங்கே செல்லவில்லை. தரையில் நிற்கும்போது அளப்பதற்கென்று இறக்கையின் அடிப்பாகத்தில் உட்குழலான குச்சிகளைப் பொருத்தினார்கள். தொழிலாளி ஏணியின்மேல் அண்ணாந்து நின்று, குச்சியின் பூட்டைத் திருகி மெள்ள அதைக் கீழே இழுப்பார். குழலின் மேல்முனை டாங்கிக்குள் எண்ணெய் மட்டத்துக்குத் தாழ்ந்த கணத்தில் கீழ்முனையில் எண்ணெய் சொட்டத் தொடங்கும். குச்சி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதை அதன்மேல் வெட்டியிருக்கும் கோடுகளைக் கொண்டு படித்துக்கொள்வார். கையிலே வழியும் எண்ணெயைத் துடைத்துக்கொள்வதும் இத்தொழிலில் ஓர் அங்கம். பிற்காலத்தில் சொட்டும் தொல்லையை நீக்கக் காந்தத்தோடு கூடிய மிதவைகளை வைத்தார்கள். ஆனால் தத்துவம் மாறவில்லை. குச்சி காட்டுவது உயரம் ஒன்றையே. அந்த உயரத்தை, விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து, அட்டவணைப் புத்தகத்தின் உதவியால் லிட்டராகவோ காலனாகவோ மாற்ற வேண்டும். அதோடும் வேலை முடிந்துவிடாது.

நம் முன்னோர் நெல்லை முகந்து அளந்தார்கள். பொன்னை நிறுத்து அளந்தார்கள். விமானத்தின் எண்ணெய் ஊற்றப்படும்போது நெல்லாகவும், எரிக்கப்படும்போது பொன்னாகவும் இருப்பதுதான் சங்கடம். ஜெட் யந்திரங்கள் எரிக்கும் மண்ணெண்ணெய் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதால், கோடைகாலத்து லிட்டர் ஒன்றில் அடங்கும் சத்து வேறு, பனிக்காலத்து லிட்டரில் அடங்கும் சத்து வேறு. யந்திரத்துக்குக் கிடைக்கும் சக்தி எண்ணெயின் கன அளவைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. ஓடுபாதையை விட்டு எழும்புவதற்கு எவ்வளவு வேகமும் தூரமும் தேவை என்று கணிப்பதற்கும் எடையே ஆதாரம். ஆகவே லாரிக்காரர் லிட்டர் கணக்கில் ஊற்றுகிறார். விமானி எடைக் கணக்கில் கேட்கிறார். இருவருக்கும் இடையே நின்று, அடர்த்தி எண்ணால் பெருக்கியோ வகுத்தோ ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு ஒரு மத்தியஸ்தர் வேண்டியிருக்கிறது.

அந்த மத்தியஸ்தத்தை யந்திரத்திடமே ஒப்படைக்கும் வழியை மின்சார நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உலோகக் குழல்களை டாங்கிக்குள் நிறுத்தினால், இடைவெளியில் காற்று நிரம்பியிருக்கும்போது அவை ஏற்கும் மின்னூட்டத்தைக் காட்டிலும், மண்ணெண்ணெய் நிரம்பியிருக்கும்போது இருமடங்குக்குச் சற்று அதிகமாகவே ஏற்கும். எனவே மட்டம் ஏற ஏற மின்னூட்டமும் ஏறும். அன்றியும், அடர்ந்த எண்ணெய் சற்றுக் கூடுதலாகவும் நெகிழ்ந்த எண்ணெய் சற்றுக் குறைவாகவும் இந்தக் குணத்தைக் காட்டுவதால், கருவியிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் எடைக் கணக்காகவே அமைந்துவிடும். மிதவை இல்லை, நெம்புகோல் இல்லை, அசையும் உறுப்பே இல்லை. ஜெட் விமானங்கள் பெருகிய காலத்தில் இம்முறையே எங்கும் நிலைபெற்றது.

கருவி இவ்வாறு நேர்த்தியடைந்தபோதிலும், அதைக் கண்காணிக்க ஒரு மனிதரைத் தனியே வைத்திருந்தார்கள். போயிங் 707, 727, 747 முதலிய விமானங்களில், இரண்டு விமானிகளுக்கும் பின்னால், பக்கவாட்டுச் சுவரில் நிறைந்திருந்த மானிகளையும் விசைகளையும் நோக்கியபடி அமர்ந்திருந்தவர் விமான இஞ்சினீயர். எந்த டாங்கியிலிருந்து எந்த யந்திரத்துக்கு எண்ணெய் செல்கிறது, எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மீதம் என்பதெல்லாம் அவருடைய இலாகா. புறப்படுவதற்கு முன் லாரிக்காரரின் சீட்டையும், மானியின் முள்ளையும், முன் பிரயாணத்தில் மிஞ்சிய கணக்கையும் ஒத்துப் பார்ப்பதும், மானி பழுதாயிருந்தால் குச்சி வைத்து அளந்த கணக்கைச் சரிபார்ப்பதும் அவர் வேலையாகவே இருந்தன. மற்றவர்கள் அக்கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே எழவில்லை. ஒரு உத்தியோகத்தின் மதிப்பு அதில் ஒருவர் இருக்கும்போது தெரிவதில்லை.

ஆனால் விமான இஞ்சினீயரைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. 1978-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்து நகருக்கு வந்த யுனைடெட் கம்பெனியின் டி.ஸி.-8 விமானம், சக்கரங்களை இறக்கும்போது கேட்ட அசாதாரணமான ஓசையைக் குறித்து ஆலோசித்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகாயத்தில் வட்டமிட்டது. மானிகள் உண்மையைத்தான் காட்டின. எண்ணெய் குறைந்துவருவதை இஞ்சினீயரும் துணை விமானியும் எடுத்துச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் சக்கரத்தின்மேலும், இறங்கியபின் பிரயாணிகளை வெளியேற்றும் ஏற்பாட்டின்மேலும் லயித்திருந்த தலைமை விமானியின் மனத்தில் அச்சொற்கள் உறைக்கவில்லை. அவர்களும் உறைக்கும்படி சொல்லவில்லை. யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, விமானம் நகரத்துப் புறப்பகுதியில் மரங்களுக்கிடையே விழுந்தது. 189 பேரில் 10 பேர் மாண்டார்கள். இஞ்சினீயரும் அவர்களுள் ஒருவர். மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியதை உரத்துச் சொல்வதற்கும், சொன்னதை மேலதிகாரி காதில் வாங்கிக்கொள்வதற்கும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி அளிக்கும் வழக்கம் இவ்விபத்திலிருந்துதான் வலுப்பெற்றது. யுனைடெட் கம்பெனியே 1981-இல் அப்பயிற்சியைத் தொடங்கியது.

அதே 1981-இல், புதிய தலைமுறை விமானங்களுக்கு இரண்டு விமானிகளே போதும் என்று அமெரிக்க ஜனாதிபதி நியமித்த குழு தீர்ப்பளித்தது. மூன்றாம் ஆசனத்தை நம்பி வாழ்ந்தவர்களின் சங்கங்கள் எதிர்த்தன. விமானம் வாங்குகிறவர்கள் வரவேற்றார்கள். இஞ்சினீயரின் சுவர் முழுவதையும் கணிப்பொறியும் சில திரைகளும் விழுங்கிவிட்ட போயிங் 767, 1982-இல் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. தீர்ப்புத் தவறென்று நான் சொல்லவில்லை. பின்வந்த ஆண்டுகள் அதை நிரூபித்தே இருக்கின்றன. ஆனால் ஒரு உத்தியோகஸ்தரை நீக்கும்போது அவர் செய்துவந்த வேலைகளை ஒன்று விடாமல் எழுதி, இன்னது இன்னாருக்கு என்று பங்கிட்டுவிட வேண்டும். கணிப்பொறி ஒழுங்காக இயங்கும் நாட்களுக்குரிய வேலைகளையே பங்கிட்டார்கள். அது இயங்காத நாளுக்குரியவற்றை யாரும் நினைக்கவில்லை.

கனடா தேசத்தில் இதனோடு இன்னொரு மாறுதலும் சேர்ந்துகொண்டது. ராத்தல், காலன் என்ற ஆங்கில அளவைகளை விட்டு, கிலோகிராம், லிட்டர் என்ற தசாம்ச முறைக்கு அத்தேசம் 1970-கள் முதல் படிப்படியாக மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடா கம்பெனியின் பழைய விமானங்கள் யாவும் எண்ணெயை ராத்தலில் கணக்கிட, புதிதாக வந்த 767 மட்டும் கிலோகிராமில் கணக்கிட்டது. ஒரே விமான நிலையத்தில், ஒரே தொழிலாளி, காலையில் ஒரு விமானத்துக்கு ராத்தலும் மாலையில் மற்றொன்றுக்குக் கிலோகிராமும் எண்ண வேண்டிய நிலைமை. முழுவதும் பழைய முறையில் இருந்திருந்தால் தவறு நேர்ந்திராது. முழுவதும் புதிய முறைக்கு வந்திருந்தாலும் நேர்ந்திராது.

1983-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் செல்வதற்கு நின்றுகொண்டிருந்த 767 விமானத்தின் எண்ணெய் மானித் திரைகள் வெறுமையாக இருந்தன. காரணம் மிக அற்பமானது: எண்ணெய்க் கணக்கைச் செய்யும் மின்சாரப் பெட்டியில், ஒரு சிறு கம்பிச் சுருளின் ஈயப்பற்று சரியாகப் பிடிக்காமல் இருந்தது. அப்பெட்டிக்குள் ஒன்று பழுதானால் மற்றொன்று ஏற்றுக்கொள்ளும்படி இரண்டு வழிகள் அமைத்திருந்தார்கள்; ஆனால் இந்தப் பழுது முழுப் பழுதாக இல்லாமல் அரைகுறையாக இருந்தபடியால், முதல்வழி செத்துப்போனதாக இரண்டாவதற்குத் தெரியவில்லை; இரண்டும் சேர்ந்து மௌனமாகிவிட்டன. முந்திய நாள் எட்மண்டனில் இதைக் கண்ட தொழில்நுட்பர் ஒருவர், பழுதான வழியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டால் மற்ற வழி உயிர்பெற்று மானிகள் எரிவதை அநுபவத்தால் அறிந்து, அவ்வாறே இழுத்து, அதன்மேல் ஒரு சீட்டையும் கட்டி, பதிவேட்டில் குறித்துவைத்தார். மாற்றுப் பெட்டி கைவசம் இல்லை. மாண்ட்ரியலில் அந்தக் குறிப்பைப் படித்த இன்னொருவர், பெட்டியைப் பரீட்சிக்க எண்ணிப் பிரேக்கரை மறுபடி உள்ளே தள்ளினார், மானிகள் அணைந்தன, அச்சமயம் எண்ணெய் லாரி வந்துவிடவே, கவனம் அதன்மேல் திரும்ப, பிரேக்கரை மீண்டும் இழுக்காமல் இறங்கிவிட்டார். சீட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

விமானத்தை ஏற்றுக்கொள்ள வந்த தலைமை விமானி ராபர்ட் பியர்ஸன், முன் பிரயாணத்து விமானியோடு நின்றவாக்கில் பேசிய பேச்சிலிருந்து, மானிகள் வேலை செய்யாமலே இவ்விமானம் பறந்து வந்திருக்கிறது என்று அர்த்தப்படுத்திக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பார்த்தபோது மானிகள் வெறுமையாக இருந்தன. பிரேக்கரின்மேல் சீட்டும் இருந்தது. எதிர்பார்த்ததே கண்ணில் பட்டதால் ஆச்சரியம் எழவில்லை. எல்லா மானிகளும் பழுதாயிருக்கையில் பறக்கலாகாது என்பது எழுதப்பட்ட விதி. ஆனால் புதிய விமானமானபடியால் அந்த விதிப் புத்தகத்தில் பக்கங்கள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தன. பராமரிப்பு இலாகாவின் அநுமதியே புத்தகத்தைவிட மேலான பிரமாணம் என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. அவ்வநுமதி கிடைத்துவிட்டதாக விமானி நம்பினார். குச்சியால் அளந்துகொண்டால் போதும் என்று எல்லோரும் ஒருமனப்பட்டார்கள்.

குச்சி பொய் சொல்லவில்லை. டாங்கிகளில் 7,682 லிட்டர் இருப்பதாகக் காட்டியது, அது சரியே. எட்மண்டன் வரை செல்ல 22,300 கிலோகிராம் தேவை, அதுவும் சரியே. இனி லிட்டரை எடையாக்க வேண்டும். லாரிக்காரரின் சீட்டில் 1.77 என்று ஒரு எண் அச்சாகியிருந்தது. அது ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை ராத்தல் என்பதைச் சொல்லும் எண். கிலோகிராமில் அதே லிட்டரின் எடை 0.803. சீட்டில் எண் மட்டும் இருந்ததேயன்றி, இது ராத்தல் என்று அதன் பக்கத்தில் இல்லை. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினார்கள், 13,597 வந்தது, அதைக் கிலோகிராம் என்று கொண்டார்கள். 22,300-இலிருந்து கழித்தால் 8,703. அதை மறுபடி 1.77-ஆல் வகுத்தால் 4,916. அத்தனை லிட்டரையே ஊற்றினார்கள். உண்மையில் ஊற்றியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். கேட்டது 22,300 கிலோகிராமாக இருக்க, கிடைத்தது ஏறக்குறைய 22,300 ராத்தல். அதாவது பாதிக்கும் குறைவு. ஒருவர் அல்ல, பலர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பெருக்கலிலும் கழித்தலிலும் ஒரு பிழையும் இல்லாதபடியால் எல்லோருக்கும் ஒரே விடை வந்தது. விடை ஒத்துவந்ததால் சந்தேகம் தீர்ந்தது. ஒட்டாவாவில் இறங்கியபோது பியர்ஸன் ஜாக்கிரதையாக இன்னொரு முறை குச்சி வைக்கச் சொன்னார். மறுபடியும் அதே எண்ணைக் கொண்டே கணக்கிட்டார்கள். வழியில் எண்ணெயைக் கணக்கிட்டுவரும் கணிப்பொறிக்கு 22,300 என்று கையால் ஊட்டியிருந்தபடியால், அதுவும் தன் பங்குக்கு அந்தப் பொய்யிலிருந்து மிகத் துல்லியமாகக் கழித்துக்கொண்டே வந்தது.

அன்று மாலை, ஆன்டாரியோ மாகாணத்து ரெட் லேக் என்னும் ஊருக்கு மேல், 41,000 அடி உயரத்தில், இடப்பக்கத்து எண்ணெய்ப் பம்பு ஒன்றில் அழுத்தம் குறைந்ததாக எச்சரிக்கை ஒலித்தது. பம்புதான் பழுது என்று முதலில் நினைத்தார்கள். அடுத்த எச்சரிக்கை ஒலித்ததும் வின்னிபெக் நகரை நோக்கித் திரும்பினார்கள். சில நிமிஷங்களில் இட யந்திரம் நின்றது. ஒற்றை யந்திரத்தோடு இறங்கும் ஆயத்தத்தில் இருக்கும்போதே வல யந்திரமும் நின்றது. அவ்விமானத்தின் திரைகளுக்கு மின்சாரம் அளிப்பவை அந்த யந்திரங்களே ஆனபடியால், விமானி அறை இருண்டது. அடிவயிற்றிலிருந்து தானே வெளிப்பட்ட ஒரு சிறு காற்றாடி, எதிர்க்காற்றில் சுழன்று, சுக்கானைத் திருப்பும் அளவுக்கு மட்டும் சக்தி கொடுத்தது. 61 பிரயாணிகளும் 8 சிப்பந்திகளும் அமர்ந்திருந்த அந்தப் பெரிய விமானம் வெறும் கிளைடராகிவிட்டது.

தெய்வாதீனம் என்று சொல்லத்தக்க இரண்டு சங்கதிகள் இங்கே கூடின. பியர்ஸன் ஓய்வு நாட்களில் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டால், கனடிய ஆகாயப் படையில் இருந்த காலத்தில், வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் ஐஸ்லாந்து தேசத்துக் குடியேறிகள் நிறுவிய கிம்லி என்ற சிற்றூரின் படைத் தளத்தில் ஊழியம் செய்தவர். ரேடார்க்காரர் சொன்ன தூரத்தையும், எஞ்சியிருந்த பழைய உயரமானியையும் கொண்டு குவின்டால் கணக்கிட்டார். 10 கடல் மைல் செல்வதற்குள் 5,000 அடி இறங்குகிறது. வின்னிபெக் வரை தாங்காது. கிம்லிக்குப் போகலாம் என்றார். அந்தத் தளம் மூடப்பட்டதையும், அதன் ஓடுபாதைகளுள் ஒன்று மோட்டார்ப் பந்தயச் சாலையாக மாறியிருந்ததையும், அன்றைய தினம் ஒரு மோட்டார்ச் சங்கத்தார் குடும்பத்தோடு கூடி அங்கே விழாக் கொண்டாடிக்கொண்டிருந்ததையும் அவர் அறியார்.

நெருங்கியபோது விமானம் வேண்டியதற்கு மேல் உயரத்தில் இருந்தது. யந்திரம் இல்லாத விமானத்தை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்ய முடியாது. பியர்ஸன் சுக்கானை ஒரு பக்கமும் இறக்கையின் சாய்வை எதிர்ப் பக்கமுமாக வைத்து, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டார். கிளைடர் ஓட்டிகள் உயரத்தைக் குறைப்பதற்குச் செய்யும் வித்தை அது. 767 போன்ற ராட்சச விமானத்தில் அதைச் செய்ய யாரும் கனவிலும் கருதியதில்லை. ஓசையில்லாமல் வந்த விமானத்தைக் கண்டு, ஓடுபாதையில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் மிதித்துத் தப்பினார்கள். தன் பாரத்தால் விழுந்த சக்கரங்களில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மடங்கிவிட, மூக்குத் தரையில் தேய்ந்து, பந்தயச் சாலையின் நடுத் தடுப்பை உராய்ந்து விமானம் நின்றது. மூக்கில் எழுந்த சிறு நெருப்பை மோட்டார்ப் பந்தயக்காரர்கள் கையிலிருந்த தீயணைப்பான்களால் அணைத்தார்கள். மூக்கு தாழ்ந்து வால் உயர்ந்திருந்ததால் பின்புறத்துச் சறுக்குப் பாதைகள் செங்குத்தாகிவிட, அவற்றின் வழியே இறங்கிய சிலருக்குச் சிராய்ப்பு முதலிய சிறு காயங்கள். உயிர்ச்சேதம் இல்லை. மூக்கை ஒட்டுப்போட்டு, இரண்டே நாளில் அங்கிருந்தே விமானத்தைப் பறக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். அது 2008 ஜனவரி வரையில் பிரயாணிகளைச் சுமந்தது.

கம்பெனி முதலில் செய்தது, தலைமை விமானியைப் பதவியில் தாழ்த்தியதும், துணை விமானியையும் தொழில்நுட்பர் சிலரையும் தற்காலிகமாக வேலையிலிருந்து விலக்கியதும் ஆகும். பிழை செய்தவரைக் கண்டுபிடித்துத் தண்டித்துவிட்டால் பிழை ஒழிந்தது என்று எண்ணுவது நிர்வாகங்களுக்கு இயற்கை. அரசாங்கம் நியமித்த நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் விசாரித்து 1985-இல் வெளியிட்ட அறிக்கையோ வேறுவிதமாகப் பேசிற்று. மானி பழுதாகும் நாளில் எண்ணெய்க் கணக்கைச் செய்யும் கடமை முன்பு விமான இஞ்சினீயருடையது; அவர் நீங்கியபின் அக்கடமை தம்முடையதென்று விமானிகளுக்கு யாரும் சொல்லவுமில்லை, கற்பிக்கவுமில்லை; தரையிலிருந்த தொழில்நுட்பருக்கும் சொல்லவில்லை; கம்பெனி அதைத் தெளிவாக ஒருவரிடம் ஒப்படைக்கத் தவறிவிட்டது என்று அவர் கண்டார். மாற்றுப் பெட்டிகளைப் போதிய அளவு வைத்திராததையும், ஒரே கம்பெனியில் இரண்டு அளவைகள் புழங்கியதையும் கண்டித்தார். விமானிகளின் திறமையைப் புகழ்ந்தார். பின்னர், அதே சூழ்நிலையை மாதிரி யந்திரத்தில் அமைத்துப் பறந்து பார்த்த வேறு விமானிகள் தரையில் மோதினார்கள் என்பதை இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பியர்ஸனுக்கும் குவின்டாலுக்கும் சர்வதேச விமானச் சங்கம் அதே வருஷத்தில் விருதளித்தது.

கிம்லியின் கதையைக் கருவி பழுதானதன் கதையாகச் சொல்பவர்கள் அநேகர். கருவி பழுதானது மாத்திரமே என்றால், விமானம் புறப்படாமலே இருந்திருக்கும். பிற்காலத்து இரண்டு சம்பவங்கள் இதைத் தெளிவாக்குகின்றன.

2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ஆம் தேதி டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் சென்ற ஏர் டிரான்ஸாட் கம்பெனியின் ஏர்பஸ் விமானத்தில், மானிகள் பிசகின்றி வேலை செய்தன. புதிதாக மாற்றிய வலது யந்திரத்தில் பொருந்தாத ஒரு குழாய், எண்ணெய்க் குழாயோடு உராய்ந்து அதை ஓட்டையாக்கியிருந்தது. எண்ணெய் விரைந்து குறைவதை மானி காட்டியபோது, அவ்வளவு வேகமாகக் குறைவதற்கு நியாயமில்லை, கணிப்பொறிதான் பிதற்றுகிறது என்று விமானிகள் சந்தேகித்தார்கள். இரு பக்கமும் சமமாகும்பொருட்டு நல்ல பக்கத்து எண்ணெயை ஓட்டைப் பக்கத்துக்குத் திறந்தும் விட்டார்கள். இரண்டு யந்திரங்களும் நின்றபின், ராபர்ட் பிஷே என்ற விமானி ஏறத்தாழ 19 நிமிஷம் சமுத்திரத்தின்மேல் மிதந்து வந்து அஸோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் தளத்தில் இறக்கி எல்லோரையும் காப்பாற்றினார்.

2005-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி இத்தாலியின் பாரி நகரிலிருந்து டுனீஷியாவின் ஜெர்பா தீவுக்குச் சென்ற டுனின்டர் கம்பெனியின் விமானத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அது ஏ.டி.ஆர். 72 ரகம், அதற்குச் சிறியது ஏ.டி.ஆர். 42. இரண்டின் டாங்கிகளும் வெவ்வேறு. மானிகளோ பார்வைக்கும் பொருத்துவதற்கும் ஒன்று போலவே இருக்கும். முந்திய இரவு பழைய மானியைக் கழற்றிவிட்டு, சிறிய விமானத்துக்குரிய மானியை மாட்டிவிட்டார்கள். அது உள்ளதற்கு வெகு அதிகமாகக் காட்டியது. டாங்கியில் எண்ணெய் திடீரென்று பெருகியிருப்பதைக் கண்ட விமானி அதற்குரிய சீட்டைத் தேடினார்; சீட்டு இல்லை. ஊற்றாத எண்ணெய்க்குச் சீட்டு எப்படி இருக்கும்? யாரோ நிரப்பியிருப்பார்கள், காகிதம் எங்கோ தவறியிருக்கும் என்ற சமாதானத்தோடு விஷயம் நின்றுவிட்டது. யந்திரங்கள் இரண்டும் நின்றபின்னும் மானி சுமார் 1,800 கிலோகிராம் மீதமிருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் குறைந்தால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கையும் அதே மானியைக் கேட்டே ஒலிப்பதாகையால் அதுவும் வாய் திறக்கவில்லை. இருக்கும் எண்ணெயைக் கொண்டு யந்திரங்களை மறுபடி கிளப்பிவிடலாம் என்று கடைசிவரை முயன்றுகொண்டே வந்து, பாலெர்மோ நகருக்கருகே கடலில் விழுந்தார்கள். 39 பேரில் 16 பேர் இறந்தார்கள்.

மானியைச் சாராத தனி எச்சரிக்கை ஒன்று வேண்டும் என்று இத்தாலிய நிபுணர்கள் யோசனை கூறினார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. 2009-இல் முதல் விசாரணையில் பாலெர்மோ நீதிமன்றம் ஏழு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, இரண்டு விமானிகளுக்கும் 10 வருஷமும், கம்பெனியின் தலைமை நிர்வாகிக்கும் தொழில்நுட்பத் தலைவருக்கும் 9 வருஷமும், மற்ற மூவருக்கு 8 வருஷமும் சிறைத் தண்டனை விதித்தது. ஏழு பேரில் ஐவர் அன்று அந்த விமானத்தில் பிரயாணம் செய்யாதவர்கள்.